சென்ட்ரல் லாக் தகராறு செய்கிறதா? யூனிட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில், "யூனிட் போச்சு, மாத்தணும்." யூனிட், அதாவது கதவு மோட்டார்களுக்குச் சப்ளை அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. டிரைவர் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் தூணுக்கும் கதவுக்கும் நடுவே மடங்கி நிமிர்கிற வயர்தான் முதலில் அறுகிறது. அதற்கு அடுத்தபடி, கிரீஸ் காய்ந்து தூசி சேர்ந்து இறுகிப்போன லாட்ச் (கதவைப் பிடித்துப் பூட்டும் கொக்கி அமைப்பு). அப்புறம்தான் கதவு மோட்டார். இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் யூனிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, இண்டிகா போன்ற வண்டிகளில் கடையில் வாங்கி மாட்டிய நாலு கதவு கிட்டுக்குப் பொருந்தும். கம்பெனியிலேயே வந்த சென்ட்ரல் லாக்குக்கும் சோதிக்கும் வழி இதேதான். எங்கே வித்தியாசமோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், அதற்கு இரண்டு வயர். சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் யூனிட்டுக்குள் எர்த்தில் (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் இரும்பு உடல்) நிற்கும். பூட்டச் சொன்னால் ஒரு வயருக்கு மட்டும் ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் 12 வோல்ட் வரும். திறக்கச் சொன்னால் அதே 12 வோல்ட் மற்ற வயருக்கு மாறி வரும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆகவே இரண்டு வயரில் எது அறுந்தாலும் அந்தக் கதவு பூட்டவும் பூட்டாது, திறக்கவும் திறக்காது. "நாலு கதவும் பூட்டுது, ஆனா திறக்க மாட்டேங்குது" என்றால் மோட்டார் வயரைத் தேடிப் பயனில்லை. யூனிட்டுக்குள் இருக்கும் திறக்கும் ரிலேயையோ (மோட்டாருக்குச் சப்ளையை மாற்றிவிடும் மின் சுவிட்ச்), யூனிட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் வயரையோதான் பார்க்க வேண்டும்.

கட்டளை போவது டிரைவர் கதவிலிருந்து. கிட்டில் வரும் மற்ற மோட்டார்களுக்கு இரண்டு வயர் என்றால் டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து. நீலமும் பச்சையும் மோட்டாருக்கு. கறுப்பு, வெள்ளை, பழுப்பு மூன்றும் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. பெரும்பாலான கிட்களில் நிறம் இப்படித்தான் இருக்கும், ஆனாலும் மாறி வருவது உண்டு. நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10 மி.மீ. ஸ்பேனர், டோர் பேடை (கதவின் உள்பக்க மூடுபலகை) நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஐந்தாறு உபரி டோர் கிளிப், 1 சதுர மி.மீ. வயர் இரண்டு மீட்டர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சால்டரிங் அயர்ன். டெஸ்ட் லேம்ப் ஏன் வேண்டும் என்றால், அரை வினாடிக்கு வந்து போகும் 12 வோல்ட்டைச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் சரியாகப் பிடிக்காது. எண் ஏறுவதற்குள் சப்ளை நின்றுவிடும். லேம்ப் 'பளிச்' என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் கம்பெனி சென்ட்ரல் லாக் உள்ள வண்டியில் டெஸ்ட் லேம்பை மோட்டார் வயரில் மட்டும் வையுங்கள். சுவிட்ச் வயர்கள் நேராக பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்கு (வண்டியின் மின் வேலைகளைக் கவனிக்கும் கணினிப் பெட்டி) போகின்றன. லேம்ப் இழுக்கும் கரண்ட்டை அவை தாங்கும் என்று சொல்ல முடியாது. அங்கே மீட்டர்தான்.

வேலை முடியும்வரை டிரைவர் கண்ணாடி இறங்கியே இருக்கட்டும், சாவி பாக்கெட்டில் இருக்கட்டும். கோளாறான சென்ட்ரல் லாக் எப்போது தானாகப் பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகளை அந்த நேரத்தில் வண்டிக்குள் உட்காரவைக்கவே வேண்டாம்.

கோளாறு என்று நினைக்கக் கூடாதவை

பின் கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை, வெளியிலிருந்து திறக்கிறது என்றால் அது சைல்ட் லாக். கதவின் பின் விளிம்பில், லாட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்பை மாற்றினால் முடிந்தது. ரிமோட்டை ஒரு முறை அழுத்தினால் டிரைவர் கதவும், இரண்டாம் முறை அழுத்தினால் மற்றவையும் திறப்பது சில வண்டிகளின் இயல்பு. வண்டி வேகமெடுத்ததும் தானாகப் பூட்டிக்கொள்வதும் அப்படித்தான். தொடர்ந்து பத்துப் பதினைந்து தடவை பூட்டித் திறந்தால் சிறிது நேரம் எதுவும் அசையாமல் நிற்பதும் உண்டு. பல மோட்டார்களுக்குள் சூடேறினால் கரண்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஓரிரண்டு நிமிடம் விட்டால் திரும்பி வரும். சோதனை செய்கிறேன் என்று விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் இல்லாத கோளாறைக் கண்டுபிடிப்பீர்கள்.

முதலில் காது, பிறகு கை

எஞ்சினை அணைத்து, சத்தமில்லாத இடத்தில் டிரைவர் கதவின் நாபை (பூட்டும் குமிழை) அழுத்திப் பூட்டுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ரிலேயின் 'டக்' கேட்கிறதா? ஒவ்வொரு கதவிலும் மோட்டார் ஓசை வருகிறதா? நாப் முழுதாக இறங்குகிறதா? ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துப் பாருங்கள்.

ரிலே சத்தமே இல்லை என்றால் யூனிட்டுக்குச் சப்ளை வரவில்லை, அல்லது கட்டளை வரவில்லை. ரிலே அடிக்கிறது, ஒரு கதவு மட்டும் ஊமை என்றால் அந்தக் கதவின் வயர், கனெக்டர் அல்லது மோட்டார். மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, நாப் அசையவில்லை என்றால் உள்ளே மோட்டாரை லாட்சோடு இணைக்கும் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் பல் சக்கரம் தேய்ந்திருக்கும். நாப் பாதி இறங்கி நின்றால் லாட்ச் இறுக்கம், களைத்த மோட்டார், வோல்டேஜ் குறைவு மூன்றில் ஒன்று. ரிலே 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது எர்த் சரியில்லை.

அதனால் பேட்டரியை அளந்துவிட்டே மேலே போங்கள். எஞ்சின் ஓடாமல் 12.4 முதல் 12.7 வோல்ட் நல்லது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ். நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது பலவீனமான பேட்டரியில் ஒரு கதவு மட்டும் பின்தங்கும். நல்ல மோட்டாரைக் கழற்ற வைக்கும் காரணம் இது.

ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்

நாபையோ சாவியையோ திருப்பினால் நாலும் பூட்டுகிறதா? பூட்டினால் கதவுப் பக்கம் முழுக்க நன்றாக இருக்கிறது, கதவைத் தொடவே தேவையில்லை. ரிமோட்டைத் திறந்து பேட்டரியை அளந்து பாருங்கள். சிஆர்2032 அல்லது சிஆர்2016 புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். பழைய கிட் ரிமோட்களில் 23ஏ அல்லது 27ஏ என்ற 12 வோல்ட் குட்டி பேட்டரி இருக்கும். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிவதை வைத்து பேட்டரி நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம், விளக்கு எரிய மிகக் கொஞ்சம் கரண்ட் போதும். பேட்டரியைத் தொடும் தகடு தாழ்ந்திருந்தால் நெம்பி உயர்த்துங்கள்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் வேறு இடத்துக்கு ஓட்டிப்போய்ப் பாருங்கள். பக்கத்தில் வேறு ரேடியோ அலை குறுக்கிட்டிருக்கலாம். இரண்டு ரிமோட்டும் கிட்டப் போனால் மட்டுமே வேலை செய்கின்றனவா? யூனிட்டிலிருந்து தனியாகத் தொங்கும் ஒற்றை மெல்லிய வயர்தான் ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 17 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். ஏதோ உபரி வயர் என்று வெட்டிவிடுவதும், சுருட்டி மற்ற வயர்களோடு டேப் போட்டுக் கட்டுவதும் சகஜம். நேராக, இரும்பிலிருந்து தள்ளி விடுங்கள்.

எதுவுமே அசையவில்லை என்றால்

ஃபியூஸ். கம்பெனி வண்டியில் ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் டோர் லாக் எது என்று போட்டிருக்கும். கடை கிட்டில் சிவப்பு வயரின் நடுவே, பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே அல்லது பேட்டரிக்குப் பக்கத்தில், தனி ஹோல்டரில் இருக்கும். 10 அல்லது 15 ஆம்பியர் சாதாரணம். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்ப்பதைவிட, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, இருந்த இடத்திலேயே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மறு முனையை ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிற்று.

புதிய ஃபியூஸ் உடனே போனால் அதைவிடப் பெரியது போடாதீர்கள். அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். நாலு கதவு கனெக்டரையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி, எதை மாட்டியபின் இயக்கும்போது ஃபியூஸ் போகிறது என்று பாருங்கள். அந்தக் கதவில் வயர் இரும்பில் உரசி எர்த் ஆகிறது, அல்லது கண்ணாடி இறங்கும் தண்டவாளத்தில் சிக்கி நசுங்கியிருக்கிறது.

ஃபியூஸ் சரி என்றால் எர்த். மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையை யூனிட்டின் கறுப்பு வயர் போல்ட்டிலும் வைத்து, உதவிக்கு ஒருவரைப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். மீட்டர் தாவி 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். பெயின்ட்டுக்கு மேலேயே ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்த கிட்கள் நிறைய.

சப்ளையும் எர்த்தும் வந்தும் ரிலே அடிக்கவில்லை என்றால், யூனிட் நல்லதா கெட்டதா என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்யலாம். இது கடை கிட்டுக்கு மட்டும். டிரைவர் கதவுக்குப் போகும் ஐந்து வயர் கனெக்டரை யூனிட் பக்கத்தில் கழற்றுங்கள். சின்ன வயர் துண்டால் எர்த்தை பழுப்பு வயரில் தொட்டு எடுங்கள், பிறகு வெள்ளையில் தொட்டு எடுங்கள். ஒன்றுக்கு மற்ற மூன்று கதவும் பூட்ட வேண்டும், மற்றொன்றுக்குத் திறக்க வேண்டும். அப்படி நடந்தால் யூனிட் பரிபூரணமாக நன்றாக இருக்கிறது. கோளாறு டிரைவர் கதவு மோட்டாரின் சுவிட்சிலோ, அங்கே போகும் வயரிலோதான். தொட்டும் ரிலே அடிக்காவிட்டால் அப்போது யூனிட்டை மாற்றுங்கள்.

பூட்டிய உடனே திறந்துகொள்கிறது

இந்தக் கோளாறுக்குத்தான் தேவையில்லாமல் அதிகப் பொருள்கள் மாற்றப்படுகின்றன. டிரைவர் கதவு லாட்ச் இறுகியிருந்தால் நாப் முழுதாக இறங்காமல் கொஞ்சம் எம்பி நிற்கும். எம்பும்போது உள்ளே சுவிட்ச் "திற" என்ற பக்கத்தைத் தொடும். யூனிட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு நாலையும் திறந்துவிடும். டிரைவர் நாபை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் பூட்டிப் பாருங்கள். அப்போது பூட்டிய நிலையில் நின்றால் காரணம் இதுவே. லாட்சைச் சுத்தம் செய்து, மோட்டாரின் நிலையைச் சரிசெய்தால் போதும்.

அப்படியும் திறந்தால் கதவு மூடியிருப்பதைச் சொல்லும் சுவிட்சைப் பாருங்கள். உள் விளக்கை 'டோர்' நிலையில் வைத்து எல்லாக் கதவையும் மூடுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது. பழைய வண்டிகளில் தூணில் ரப்பர் மூடியோடு இருக்கும் பொத்தான் சிக்கியிருக்கும். புதியவற்றில் அது லாட்சுக்குள்ளேயே இருக்கும். டிக்கி கதவையும் மறக்க வேண்டாம்.

ஓடும்போது, பள்ளத்தில் விழும்போது, மழையில் மட்டும் தானாகப் பூட்டித் திறந்தால் சுவிட்ச் வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. பார்க்க வேண்டிய இடத்தை அடுத்துச் சொல்கிறோம்.

தூணுக்கும் கதவுக்கும் நடுவே

டிரைவர் கதவை முழுதாகத் திறந்தால் கீல்களுக்கு நடுவே சுருங்கி விரியும் ஒரு ரப்பர் குழாய் தெரியும். ஒரு பக்க முனையை விரலால் உள்நோக்கி மடக்கி இழுத்தால் கழன்றுவரும். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்து தோல் மட்டும் பிடித்திருக்கும் வயர் ரப்பர் போல நீளும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். அறுந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருக்கும்.

இழுத்தும் பிடிபடாவிட்டால் கதவை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே ஒருவரைப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் வேலை செய்து மறு கோணத்தில் நின்றால் இங்கேதான்.

பழுது பார்க்கும்போது பலர் செய்வது அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவது. அந்த முடிச்சு மடங்க முடியாததால் அதன் பக்கத்திலேயே வயர் மறுபடி அறும். சரியான முறை வேறு. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். அறுந்த வயரை ரப்பர் குழாய்க்கு இருபுறமும் தள்ளி, ஒரு வெட்டு கதவுக்குள்ளும் ஒரு வெட்டு தூணுக்கு உள்பக்கத்திலும் வருமாறு வெட்டுங்கள். நடுவில் புது வயர், நிறைய மெல்லிய இழைகள் உள்ளதாக. மோட்டாருக்கு 1 சதுர மி.மீ., சுவிட்சுக்கு 0.5 போதும். இரு இணைப்பையும் சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். மூன்று நான்கு வயர் போட வேண்டியிருந்தால் இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் துளைக்குள் நுழையாது. கதவை முழுதாகத் திறந்த நிலையிலும் வயர் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தபின் ரப்பரை மாட்டுங்கள். கடை கிட்டில் ரப்பர் குழாயே இல்லாமல் துளைக்குள் வெறும் வயரை விட்டிருந்தால், இப்போதே துளைக்கு ஒரு ரப்பர் குரோமெட்டும் வயருக்கு ஒரு உறையும் போட்டுவிடுங்கள்.

டோர் பேடைக் கழற்றி உள்ளே போனால்

உள் கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்டில் ஒன்றிரண்டு, சில வண்டிகளில் கண்ணாடி மூலை மூடிக்கு அடியில் ஒன்று. கையால் சுற்றும் கண்ணாடி என்றால் சுற்றுக்கைக்குப் பின்னால் ஒரு துணியை விட்டு இருபுறமும் இழுத்து ஆட்டினால் கம்பி கிளிப் தெறித்துவிடும். எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பிறகு கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் பட்டையால் ஒவ்வொரு கிளிப்பாக நெம்பி, பேடை மேல்நோக்கித் தூக்குங்கள். மஞ்சள் நிற கனெக்டர் ஏதாவது இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடாதீர்கள்.

மோட்டார் கனெக்டரின் இரண்டு வயருக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை மாட்டிப் பூட்டித் திறந்து பாருங்கள். இரு முறையும் பளிச்சென்று எரிந்தால் சப்ளை வருகிறது, மோட்டாரைச் சந்தேகியுங்கள். எரியவில்லை என்றால் மறுபடி வயர். மோட்டாரை நேராகச் சோதிக்க, 10 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த வயரால் பேட்டரியிலிருந்து அரை வினாடி மட்டும் சப்ளை கொடுங்கள், பிறகு பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுங்கள். ஒரு வினாடிக்கு மேல் பிடித்தால் காயில் சூடாகும். ஐந்து வயர் மோட்டாரில் நீலம், பச்சை இரண்டில் மட்டும்.

இப்போது முக்கியமான சோதனை: மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். கம்பி இல்லாமல் மோட்டார் துள்ளி ஓடி, கம்பி மாட்டினால் திணறினால் குற்றவாளி லாட்ச். நாபைக் கையால் ஏற்றி இறக்கி, மறு கதவோடு ஒப்பிட்டாலும் இறுக்கம் தெரியும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேயால் பழைய அழுக்கைக் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள். கழுவும் ஸ்ப்ரேயோடு நிறுத்தினால் சில வாரத்தில் முன்னைவிட இறுகும். சாவித் துளைக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் பொடி.

கிட் மோட்டாரை மாற்றும்போது அதன் கம்பி லாக் கம்பிக்கு இணையாக ஓட வேண்டும். சாய்வாக மாட்டினால் புது மோட்டாரும் சிக்கும். மோட்டார் கம்பியின் ஓட்டம் 18 முதல் 20 மி.மீ.; நாப் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் இரு முனையிலும் 1 அல்லது 2 மி.மீ. மிச்சம் இருக்குமாறு கிளாம்ப்பை இறுக்குங்கள். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் கண்ணாடியைக் கீறும். கண்ணாடியை முழுதாக இறக்கி ஏற்றிப் பார்த்தபின் பேடை மாட்டுங்கள். கம்பெனி வண்டிகளில் மோட்டார் லாட்சோடு ஒன்றாகவே வரும். வாங்கும்போது எந்தக் கதவு, எத்தனை பின் கனெக்டர் என்று பழையதைக் காட்டி வாங்குவதே நல்லது.

பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் அதிகம். கண்ணாடி வழியே மழைத் தண்ணீர் கதவுக்குள் எப்போதும் இறங்கும். அதைக் கீழ்த் துளைகளுக்குத் திருப்பிவிடுவது அந்த ஷீட்தான். கறுப்புப் பசையை மறுபடி அழுத்தி ஒட்டுங்கள், பசை பிடிக்காவிட்டால் பியூட்டைல் டேப் போடுங்கள். கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுச் சேற்றை எடுங்கள். மோட்டார் கனெக்டருக்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. பிறகு பேட்டரி மைனஸை மாட்டி, கண்ணாடி இறங்கிய நிலையிலேயே நாப், சாவி, ரிமோட் மூன்றாலும் தனித்தனியாகப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றுங்கள்.